மாவலிக்குக் கரி சுட்டது

மூன்றாவது குழியும் சாம்பலாகத்தான் போகும் என்று கொம்பையா பந்தயம் கட்டினான். எதிர்ப்பந்தயம் கட்ட மடத்தில் ஆள் இல்லை.

செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டி, பனைகளுக்கு நடுவில் இருந்தது அந்த மடம். ஓடு போட்ட ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஒரு கிணறு. அவ்வளவுதான். பேராச்சியம்மை என்றொரு பெண் அதை நடத்திவந்தாள். நாற்பது வயது இருக்கும். உட்காரவைத்து உபதேசம் செய்கிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. அந்தந்தக் காலத்துக்கு எது உண்டோ அதைக் கையால் செய்வாள். பங்குனி வெயிலுக்கு ஓலை விசிறி. ஆவணியில் களிமண் பிள்ளையார். கார்த்திகை தீபத்துக்கு மாவலி. மனசு சரியில்லை என்று வந்து தங்குகிறவர்களுக்கும் அதே வேலைதான். செய்து முடித்ததைச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

மாவலி என்பது தீபத்தன்று பிள்ளைகள் சுற்றுகிற பொறி. ஆண்பனையின் காய்ந்த பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, பழந்துணியில் பொதிந்து தைத்து, பனைமட்டைக் கீற்றுகளுக்கு நடுவில் இறுக்கிக் கட்டுவார்கள். தணல் வைத்துக் கயிற்றில் சுழற்றினால் தலையைச் சுற்றி நட்சத்திரமாகக் கொட்டும்.

கட்டுவது சுலபம். கரி சுடுவதில்தான் வினை. குழிக்குள் பூவைப் போட்டு எரியவிட்டு, நன்றாகப் பிடித்ததும் ஈரமண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். உள்ளே காற்றுப் போகக் கூடாது. மறுநாள் காலையில்தான் திறக்கலாம். அவசரப்பட்டுத் திறந்தால், உள்ளே அடங்கிக் கிடப்பது காற்றைக் கண்டதும் மளமளவென்று எரிந்து வெறும் சாம்பலாகிவிடும்.

இந்த வருஷம் கரி சுடுகிற வேலை, மடத்தில் வந்து தங்கியிருந்த பலவேசத்துக்கு. அவருக்கு இது புரியாமல் இல்லை. நெருப்போடு வாழ்ந்த மனிதர் அவர். ஊரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பேக்கரி வைத்திருந்தார். விறகு அடுப்பில் ராத்திரி முழுக்க பன்னும் ரஸ்க்கும் சுட்டு, விடியும்போது கடைகளுக்கு அனுப்புவார். அடுப்பின் இரும்புக் கதவை அடிக்கொரு தடவை திறந்து நிறம் பார்ப்பது அவருடைய கைக்கு மூச்சு விடுகிற மாதிரி. நிறம் பார்க்காமல் ரொட்டி சுட்டேன் என்று சொல்கிறவன் புளுகுகிறான் என்பது அவர் கட்சி.

அந்தக் கை குழியை விடுமா?

முதல் குழியை மூடிய சாயங்காலமே திறந்தார். உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது. அழகாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துப் பொடிந்துபோனது.

கொம்பையா மடத்துச் சமையல்காரன். விறகு பிளப்பதும் அவன்தான், வம்பு பிளப்பதும் அவன்தான். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பரவால்ல அண்ணாச்சி. மடத்துல திருநீறு தீந்துபோச்சுன்னு நேத்துதான் தாயி சொன்னாக."

பலவேசம் பேராச்சியம்மையிடம் போய் நின்றார். அவள் குருத்தோலை கிழித்துக்கொண்டிருந்தாள். ஓலைக் கொழுக்கட்டைக்கு.

"தாயி, திறக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லவேயில்லயே."

"சொல்லியிருந்தா திறக்காம இருந்திருப்பியளா அண்ணாச்சி?"

பலவேசம் யோசித்தார்.

"இருந்திருக்க மாட்டேன்."

அவள் மறுபடி ஓலையைக் கிழிக்கத் தொடங்கினாள்.

இரண்டாவது குழியை அவர் திறக்கவில்லை. ஓரத்தில் ஒரு குச்சியை விட்டு ஓட்டை போட்டுத்தான் பார்த்தார். அதுவும் சாம்பல்.

"விரல் நுழையிற அளவுதான் தாயி."

"காத்துக்கு அது பெரிய வாசலாச்சே."

அண்ணாச்சி அண்ணாச்சி என்று கூப்பிடுகிறாளே தவிர, ஒரு சமாதானம் சொல்லத் தெரியவில்லையே இவளுக்கு என்று பலவேசத்துக்கு ஆத்திரமாக வந்தது. அவர் அவளைத் தேடி வந்தது கரி சுடப் பழகவா?

ஆடி மாதத்தில் அவருடைய ஒரே மகன் சேர்மதுரை போய்விட்டான். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த பையன். காய்ச்சல் என்றார்கள், மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள், ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி ராத்திரி பலவேசம் பேக்கரியில் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி போன் போட்டாள். உடனே வாங்க என்றாள். அடுப்பில் பன் இருந்தது. "ஒரு ஈடு எடுத்துட்டு வாறேன்" என்றார். எடுத்தார். நிறம் நன்றாக வந்திருந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது மகனின் முகத்தை மூடியிருந்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் பேக்கரியைப் பூட்டினார். சாவியை மனைவியின் பக்கத்தில் வைத்தார். அவள் கையில் கொடுக்க அவருக்குத் தைரியமில்லை. பஸ் ஏறி இங்கே வந்து பேராச்சியம்மையின் முன்னால் விழுந்து கேட்டார்:

"உள்ள எரியுது தாயி. இது எப்ப அணையும்?"

 சாப்பிட்டீர்களா என்றுதான் அவள் கேட்டாள்.

அன்றிலிருந்து தண்ணீர் இறைத்தார், பிள்ளையார் பிடித்தார், முற்றம் பெருக்கினார். கேள்வியை மறுபடி கேட்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு தீர்மானம் வைத்திருந்தார். அது அணைகிற வரைக்கும் வீட்டுப் பக்கம் போவதில்லை. ஊரிலிருந்து வந்த ஒரு லாரிக்காரனிடம் மனைவிக்கு இதையே சொல்லியனுப்பினார். "அணைஞ்சதும் வாறேன்னு சொல்லு." லாரிக்காரன் என்ன புரிந்துகொண்டானோ, தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

கார்த்திகை பிறந்ததும் பேராச்சியம்மை அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, "குழி வெட்டுங்க அண்ணாச்சி" என்றாள். இந்த வேலை அப்படி வந்ததுதான்.

மூன்றாவது குழியை அவர் தீபத்துக்கு முந்தின நாள் மதியம் மூடினார். இதுவும் போனால் இந்த வருஷம் பிள்ளைகளுக்கு மாவலி இல்லை. காய்ந்த பூவும் மிச்சமில்லை. மண்ணை அள்ளிப் போட்டு, கையால் தட்டி, தண்ணீர் தெளித்து, மறுபடியும் மண் போட்டார். குழிக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கை இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

கொம்பையா அதைப் பார்த்துவிட்டு, "கயிறு வேணுமா அண்ணாச்சி? கட்டிப் போடுதேன்" என்றான்.

பலவேசம் கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் அடுப்புக் கதவு தெரிந்தது. திறந்தால் குழி தெரிந்தது. உள்ளே எரிகிறதா, அணைந்துவிட்டதா, கருகுகிறதா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதியாகிவிடும். வலது கை தொடைக்கு அடியிலிருந்து தானாக வெளியே வந்தது. மண்ணின் மேல் போய் நின்றது. மண் வெதுவெதுப்பாக இருந்தது, தூங்குகிற பிள்ளையின் நெற்றி மாதிரி.

"சாமியாருக்கு இதுதான் தவசா?"

குரலைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினார். அவருடைய மனைவி பிரம்மசக்தி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு மஞ்சப்பை. நாலு மாதத்தில் பாதியாகியிருந்தாள். ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது.

"ஏளா, நீ எப்படி..."

"கால் இருக்கு, நடந்து வந்தேன். பஸ் இருக்கு, ஏறி வந்தேன். அணைஞ்சதும் வாறேன்னு சொல்லி விட்டியளாம்லா? லாரிக்காரன் வந்து, அண்ணாச்சி எங்கேயோ நெருப்புல மாட்டிக்கிட்டாருன்னு சொல்லுதான். தெருவே திரண்டுபோச்சு. நான்தான், அவரு மாட்டல, தப்பிச்சிட்டாருன்னு சொன்னேன்."

கொம்பையாவுக்குச் சிரிப்பு வந்தது. பேராச்சியம்மை அவனைப் பார்த்தாள். சமையல்கட்டுக்குள் போய்விட்டான்.

பிரம்மசக்தி குழியையும் மட்டைக் கீற்றுகளையும் கரி போடத் தைத்து வைத்திருந்த வெறும் துணிப் பைகளையும் பார்த்தாள்.

"என்னது இது?"

"மாவலி. பிள்ளையளுக்கு."

"நல்லாருக்கு. நம்ம வீட்டுல இந்த வருசம் ஒரு அகல் ஏத்தக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரி கொழுக்கட்டையைக் கொண்டாந்து, வாசப்படி தாண்டாம எட்டி வச்சிட்டுப் போவா. நான் அதை ஒத்தையா உக்காந்து திங்கணும். செத்தவனுக்கு அப்பன் இங்க வந்து ஊராம் பிள்ளையளுக்குப் பொறி கட்டுதாரு."

 பேராச்சியம்மை ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, விலகிப்போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தாள்.

பிரம்மசக்தி தண்ணீரைக் குடிக்கவில்லை. குழிக்கு மறுபக்கம் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"எதுக்கு ஓடி வந்திய?"

"உன் முகத்தைப் பாக்க முடியல."

"ஏன்?"

"ஏன்னா கேக்க? நீ போன் போட்டே. நான் பன்னை எடுத்துக்கிட்டிருந்தேன்."

மகன் போன பிறகு அந்த வாக்கியத்தை அவர் வாய் விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. 

 பிரம்மசக்தி மண்ணில் விரலால் ஏதோ கோடு போட்டாள், அழித்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்."

"சொல்லு."

"நான் போன் போடும்போதே அவன் இல்ல."

பலவேசம் அவளைப் பார்த்தார்.

"மூச்சு இருந்துச்சு. மிசினுல. மதியமே டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லிட்டாரு, இனிமே கண்ணு முழிக்க மாட்டான்னு. உங்ககிட்ட சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. ராத்திரிதான் கூப்பிட்டேன். நீங்க பறந்து வந்திருந்தாலும் அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. உங்க பன்னுனால ஒண்ணும் ஆயிடல."

காற்றில் பனைகள் சலசலத்தன.

"அப்ப ஏன்..." என்றார் பலவேசம். "இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"வேணும்னுதான் சொல்லல."

"ஏளா!"

"நான் ஒருத்தி மட்டும் ஏன் வேகணும்? நீங்களும் வேகட்டும்னு இருந்தேன். ஒரு ஈடு எடுத்துட்டு வாறேன்னு சொன்னிய பாருங்க, அந்தக் குரலு... கடைக்குச் சரக்கு கேட்டவன்கிட்ட சொல்லுத மாதிரி. அது என் காதுலயே இருந்துச்சு. காரியம் முடிஞ்சதும் சொல்லிரலாம்னு நெனச்சேன். நீங்க ஓடிட்டிய. ஓடுனது இன்னும் கோவம். கிடக்கட்டும் மனுசன், வெந்து சாகட்டும்னு விட்டுட்டேன்."

பலவேசத்துக்கு அவள் மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. பாரம் இறங்கவேண்டும். இறங்கவில்லை. நாலு மாதமாக ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னால்தான், என்னால்தான் என்று. அதைப் பிடித்தாவது நின்றார். இப்போது அதையும் அவள் பிடுங்கிவிட்டாள். மகன் யாராலும் சாகவில்லை. சும்மா செத்துப்போயிருக்கிறான்.

அவர் அழுதார். ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, சுடுகாட்டிலும் அழவில்லை. இங்கே மண்ணில் உட்கார்ந்து, அடிபட்ட மாடு மாதிரி சத்தம் போட்டு அழுதார். பிரம்மசக்தி அவரைத் தொடவில்லை. தேற்றவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் அழுதாள். "தொரை, தொரை" என்று மகனின் செல்லப் பெயரைச் சொல்லி அழுதாள். அந்தப் பெயர் அவர்கள் வீட்டில் நாலு மாதமாக யார் வாயிலும் வரவில்லை.

அப்புறம் பேச்சு வந்தது. அவன் முதன்முதலில் பைக் ஓட்டிச் சாக்கடைக்குள் போனது. தேங்காய் பன்னில் தேங்காயை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டுப் பன்னைத் திரும்ப அடுக்கி வைத்தது. யாரோ ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள் கேக் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்கக் கூச்சப்பட்டு அம்மாவிடம் சொன்னது.

"பொண்ணா? எந்தப் பொண்ணு?"

"அன்னைக்கு நீங்க செஞ்சு கொடுத்தியள்லா, ரோஸ் கலரு பூ வச்சு. யாருக்குன்னு நெனச்சிய?"

"வாத்தியாருக்குன்னு சொன்னானே."

"வாத்தியாருக்கு எவனாவது ரோஸ் பூ வைப்பானா?"

சிரிக்கப் பார்த்தார்கள். சிரிப்பு பாதியில் முறிந்து வேறொன்றாகிவிட்டது.

பொழுது சாய்ந்தது. பிரம்மசக்தி பக்கத்தில் கிடந்த துணிப் பை ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"இது தையலா, கோழி கிண்டுனதா? கரியெல்லாம் கொட்டிப்போகும்."

ஊசியை வாங்கி, அவர் தைத்ததைப் பிரித்து, திரும்பத் தைத்தாள். அவர் கீற்றுகளைச் சீவிக் கொடுத்தார். விளக்கு வைக்கிற நேரம் வந்தும் இரண்டு பேரும் அங்கேயேதான் இருந்தார்கள். பேராச்சியம்மை அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டார்கள். பிரம்மசக்திக்கு அவள் ஒரு பாய் கொடுத்தாள்.

படுக்கப் போகும்போது பிரம்மசக்தி சொன்னாள்: "காலையில முதல் வண்டிக்கு நான் கிளம்புதேன். வாறதும் வராததும் உங்க பாடு. ஆனா ஒண்ணு. இனிமே ஆள் விட்டுச் சொல்லாதிய. வரலேன்னா வரலன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லிருங்க."

விடிந்தது. பலவேசம் பல் விளக்கப் போகும்போதுதான் பேராச்சியம்மை மண்வெட்டியோடு குழியருகே நிற்பதைப் பார்த்தார்.  குழி! மத்தியானத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் புத்தியே போகவில்லை.

ஓடி வந்தார். கொம்பையாவும் வந்தான், பந்தயம் ஜெயிக்கிறவனின் நடையோடு.

பேராச்சியம்மை மேல்மண்ணை மெல்ல ஒதுக்கினாள். புகை இல்லை. சிவப்பு இல்லை. பூக்கள் போட்டது போட்டபடி, ஒரு கதிர் உடையாமல், ஒரு செதில் உதிராமல், அப்படியே கன்னங்கரேலென்று கிடந்தன. ஒன்றை எடுத்து இன்னொன்றில் தட்டினாள். கிணுக்கென்று சத்தம் வந்தது.

"அடேயப்பா" என்றான் கொம்பையா. "கரின்னா இது கரி." தோற்றுப்போனது அவனுக்கே மறந்துவிட்டது. இடிப்பதற்கு உலக்கையைத் தேடிப் போனான்.

பலவேசம் குழிக்குள் இறங்கினார். ஒரு கதிரைக் கையில் எடுத்தார். இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. எடையே இல்லை. குளிர்ந்திருந்தது. உள்ளங்கையில் வைத்து விரலை மூடினார். சூடு இருக்கிறதா என்று பார்த்தார். துளி இல்லை.

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தேரியைச் சுற்றிக்கொண்டு வர இன்னும் கொஞ்ச நேரமாகும். பிரம்மசக்தி மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு முற்றத்தின் ஓரத்தில் வந்து நின்றாள். கூப்பிடவில்லை. ரோட்டையும் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் நெஞ்சுக்குள் தடவிப் பார்த்தார். நேற்று அவ்வளவு அழுத பிறகு அங்கே சத்தம் இல்லாமல்தான் இருந்தது. சத்தம் இல்லாமல் இருப்பதும் அணைந்துவிட்டதும் ஒன்றா? ஒன்றாக இருந்தால் இந்த வண்டியிலேயே ஏறிவிடலாம். வீட்டுக்குப் போய், அவன் சட்டை தொங்குகிற ஆணியைப் பார்த்துக்கொண்டு சோறு தின்னலாம். பேக்கரிப் பூட்டைத் திறக்கலாம். ஒன்றாக இல்லாவிட்டால்?

கரியை ஏந்திய கையைப் பேராச்சியம்மையின் பக்கம் நீட்டினார்.

"தாயி, அணைஞ்சிருச்சுல்ல?"

பேராச்சியம்மை கரியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அணைக்கணும்னா தண்ணி ஊத்தியிருப்பமே அண்ணாச்சி. இது திரும்ப எரியுறதுக்கு."